தேர்ச்சி விகிதத்தில் தெரியாத பிள்ளைகள்

மே மாதம் ரிசல்ட் வந்தால் அரசுப் பள்ளிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் வாழ்த்து மழைதான். நல்லதுதான். 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலம் முழுக்க 95.03 சதவீதம் பேர் தேர்ச்சி. அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 91.94, அதற்கு முந்தைய ஆண்டு 91.02. வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகள் ஏறிவந்த படி இது. நானும் எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஆனால் அதே குழுக்களில் 2,152 கோடி ரூபாய் என்ற எண்ணைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) உறுப்பினராக இருக்கும் ஒரு பெற்றோராக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். 2018இல் எஸ்.எஸ்.ஏ. (அனைவருக்கும் கல்வி இயக்கம்) உள்ளிட்ட மூன்று திட்டங்களை ஒன்றாக்கி சமக்ர சிக்ஷா கொண்டுவந்தார்கள். நம் ஊரில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்கிறோம். செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநிலம். 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு 3,586 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒன்றிய அரசின் பங்குதான் இந்த 2,152 கோடி. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்ற காரணத்தால் அந்த நிதியாண்டில் அது வரவில்லை. அந்த ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது. மாநில அரசு 2024 மார்ச்சில் கையெழுத்திடத் தயார் என்று கடிதம் எழுதியது உண்மை. பிறகு அந்தப் பத்தியை நீக்கித் திருப்பி அனுப்பியதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மும்மொழி, இருமொழி என்று டிவியில் விவாதம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பணம் பள்ளிக்குள் என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், நூறு வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். சாக்பீஸ், குழாய் ரிப்பேர், கழிப்பறை சுத்தம் எல்லாம் இந்தக் கணக்கில்தான். இது தாமதமானால் எச்.எம். தன் கைக்காசைப் போடுவார், அல்லது ஊரில் யாரிடமாவது கேட்பார். பெரும்பாலும் வெளியே தெரியாமல் போய்விடும்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பற்றியது. வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் இருப்பார்கள். பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். அவர்கள் சம்பளம் இந்தத் திட்டத்தில்தான். 2024 செப்டம்பர் மாதச் சம்பளம் இந்தத் திட்ட ஊழியர்களுக்கு உரிய நேரத்தில் வரவில்லை. பெருமூளை வாதம் உள்ள ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். சரியான கைகள் தொடர்ந்து நீவி, மடக்கி, நீட்டி விட்டுக்கொண்டே இருந்தால்தான் தசை இறுகாமல் இருக்கும். நடுவில் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது, பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். அந்த அம்மாவுக்கு நகரத்துத் தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு அமர்வுக்கும் பணம் கட்ட வசதி இருந்தால் வட்டார மையத்தை ஏன் நம்பியிருக்கப் போகிறார்? இந்தப் பிள்ளை பிளஸ் டூ ரிசல்ட்டில் வராது. கலெக்டர் கையால் பரிசு வாங்கும் போட்டோவிலும் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் பணம் நின்றாலும் தேர்ச்சி விகிதம் ஏறுகிறது, பாதிப்பு ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

மலைப் பிள்ளைகள் கதையும் இதே மாதிரிதான். 2024இல் பச்சமலைப் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். 2025இல் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். இருவரும் பழங்குடியினர் நலத்துறைப் பள்ளியில் படித்தவர்கள், அந்தப் பெருமை அந்த ஆசிரியர்களுக்குச் சேரட்டும். ஆனால் எத்தனையோ மலைக் குக்கிராமங்களில் ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை பள்ளி போய்ச் சேர வண்டி வேண்டும், காட்டுப் பாதையில் துணைக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த போக்குவரத்துப் படியும் சமக்ர சிக்ஷாவில் ஒரு தலைப்பு. ஆறாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளை எந்த நுழைவுத் தேர்வும் எழுதப் போவதில்லை.

சரியான உதவி சரியான இடத்தில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வரும்வரை அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்த்து 400ஐத் தாண்டியது. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான்.

ஒன்றிய அரசின் நிலைப்பாடு எனக்கு ஏற்புடையதல்ல. பி.எம். ஸ்ரீ 2022இல் வந்த தனித் திட்டம், நாடு முழுக்க 14,500 பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக்குவதற்கு. அதில் சேரவில்லை என்றால் அந்தப் பணத்தைத் தராமல் இருக்கலாம். நான்கு வருடம் முன்பே ஓடிக்கொண்டிருந்த வேறொரு திட்டத்தின் பணத்தை ஏன் பிடிக்க வேண்டும்? நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2025இல் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கத்துக்கு நிதி நிறுத்தியது நியாயமில்லை என்றுதான் சொன்னது. கொள்கைச் சண்டை எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், நீதிமன்றத்துக்கும் போங்கள். பிசியோதெரபிஸ்ட் சம்பளத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

அதே கோபம் மாநில அரசு மீதும் உண்டு. நிதி வராதபோது தன் கையிலிருந்து ஈடுகட்டியது, 2025 மே மாதம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது, எல்லாம் சரி. ஆனால் கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்.டி.இ.) தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடங்களின் சேர்க்கையில் என்ன நடந்தது? 2025 ஜூனில் பள்ளி திறந்தபோது அந்த இடங்களுக்குச் சேர்க்கை நடக்கவில்லை, அக்டோபரில்தான் தொடங்கியது. நடுவில் நான்கு மாதம் எல்.கே.ஜி. பிள்ளையை எங்கே சேர்ப்பது, கட்டிய ஃபீஸ் திரும்பி வருமா என்று அலைந்தது பெற்றோர்தான். அப்புறம் பகுதிநேர ஆசிரியர்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல், கணினி சொல்லித்தர 2012இல் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். 2024இல் அது 12,500 ஆனது. பல ஆண்டுகள் மே மாதச் சம்பளமே கிடையாது. கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் மேடையேறிக் கைத்தட்டல் வாங்கியதில் இவர்கள் உழைப்பு எவ்வளவு என்று பள்ளிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பணி நிரந்தரம் தி.மு.க.வின் 2021 தேர்தல் வாக்குறுதியில் இருந்தது. அதற்கு டெல்லியைக் காரணம் சொல்ல முடியாது.

பெற்றோருக்கு எதுவுமே சொல்லப்படுவதில்லை என்பதும் என் மனக்குறை. சாதனை என்றால் பேனர் வரும், வீடியோ வரும். எந்த மானியம் இந்த வருடம் வந்தது, எது பாதி வந்தது, எது வரவே இல்லை என்று ஒரு தாள் ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. எச்.எம்.கள் பயப்படுகிறார்கள். நிதி இல்லை என்று வெளியே சொன்னால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம். 2024இல் மாற்றியமைத்த எஸ்.எம்.சி.யில் 24 பேர், பெரும்பான்மை பெற்றோர், தலைவர் ஒரு தாய். கேட்கும் உரிமை நமக்குச் சட்டப்படி உண்டு.

உங்கள் பள்ளியில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: இந்த ஆண்டுப் பள்ளி மானியம் எவ்வளவு, எப்போது வந்தது? நம் பள்ளி மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பார்க்க சிறப்புப் பயிற்றுநர் கடைசியாக எப்போது வந்தார்? பகுதிநேர ஆசிரியருக்குச் சம்பளம் வந்துவிட்டதா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். பிறகு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, ரிசல்ட் அன்று வாழ்த்து அனுப்பிய அதே குழுவில் போடுங்கள். பிள்ளைகளின் பெயர் இருந்தால் மட்டும் மறைத்துவிடுங்கள்.