ஐசி தொலைஞ்சாலும் ஓட்டு போகாது

அண்ணே, மலேசியத் தேர்தலைப் பத்தி, ‘ஐசி (அடையாள அட்டை) தொலைஞ்சா ஓட்டு போச்சு, இல்லாட்டி கட்சிக் கூடாரத்துச் சீட்டைக் காட்டினா போதும்’னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே தப்பு. பதிவிலாகாவுல மாற்று மைகார்டுக்கு, அதாவது தொலைஞ்ச ஐசிக்குப் பதிலா புதுசுக்கு, விண்ணப்பிச்சா தற்காலிகப் பத்திரம் தருவாங்க. அதைக் காட்டி ஓட்டுப் போடலாம். கூடாரத்துச் சீட்டு எந்த சாலுரான், அதாவது வாக்குச்சாவடியில எந்த வரிசைன்னு தெரிஞ்சுக்கத்தான். உள்ளே கிராணி (எழுத்தர்) ஐசியை வாங்கி, பேரையும் நம்பரையும் சத்தமா வாசிப்பார், பட்டியல்ல கோடு போடுவார், விரல்ல மை வைப்பாங்க, அப்புறம்தான் வாக்குச்சீட்டு. சிவப்பு ஐசிக்கு (நிரந்தரவாசி அட்டைக்கு) ஓட்டு கிடையாது, குடியுரிமை வேணும். தோட்டத்துலயே பொறந்து வளர்ந்து சிவப்பு ஐசி வச்சிருக்கவங்களுக்கும் அதே கதிங்கிறது எனக்கு ஆறவே இல்ல.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் லயத்துல வயசானவங்க நீங்க எழுதினதைப் படிச்சுட்டு வீட்டோட இருந்துடுவாங்க. தயவுசெஞ்சு திருத்திடுங்க அண்ணே.