‘சிஸ்டம் அப்படித்தான் முடிவு செய்துள்ளது’

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் லோ 1834இல் இன்றைய மலேசியாவின் செபராங் பிறையில் கண்டெடுத்த கல் ஒன்று இன்று கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி தன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிச் செதுக்க வைத்தது அது. ஸ்தூபியின் உருவத்தோடு அதில் ஒரு சமஸ்கிருதப் பாடலும் உண்டு: அறியாமையால் வினை சேர்கிறது, வினையே பிறவிக்குக் காரணம். கடாரத்துப் (இன்றைய கெடா மாநிலம்) புக்கிட் மெரியத்தில் கிடைத்த கற்பலகையிலும் இதே பாடல்தான். அதே மாநிலத்துப் பீடோங்கில் வாழும் எனக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தி. செயற்கை நுண்ணறிவுக்கு அறம் புகட்டுவது பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பாடல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அந்தப் பேச்சில் பெரும்பகுதி, இயந்திரம் நல்லதா கெட்டதா, அதற்கு மனசாட்சி வருமா என்பதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. பௌத்தம் வேறிடத்தில் தொடங்குகிறது. சேதனையையே, அதாவது மனத்தின் நோக்கத்தையே, தாம் வினை என்று சொல்வதாக அங்குத்தர நிகாயம் என்ற பௌத்த மறைநூலில் புத்தர் கூறுகிறார். அப்படியானால், ஒரு கணினி நிரல் எதை அடைய வேண்டும் என்று இலக்கு வகுத்தவர் எவரோ, அந்த இலக்கால் இலாபம் பெறுபவர் எவரோ, வினையும் அவருடையதே என்பது என் துணிபு.

பௌத்தர்கள் பெரும்பான்மையாக வாழும் மியன்மாரில் நடந்ததைவிடக் கொடிய சான்று இதற்குத் தேவையில்லை. அங்குள்ள சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்கியா மக்கள் மீதான வெறுப்பைப் பரப்புவதில், நான் இதை எழுதும் இதே பேஸ்புக் பங்கு வகித்ததை ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018இல் சுட்டிக்காட்டியது. வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று நிறுவனமே அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வங்காளதேசத்துக்கு ஓடிவிட்டார்கள். நம் மலேசியாவுக்கு வந்து சேர்ந்தவர்களும் லட்சத்தைத் தாண்டுவார்கள். வெறுப்பைப் பேசியவர்களில் துவராடை அணிந்த பிக்குகளும் இருந்தார்கள். ஆகவே, பௌத்த நூல்களை இயந்திரத்துக்கு ஊட்டிவிட்டால் அறம் தானாக வந்துவிடும் என்று நம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கொல்லாமை முதலான ஐந்து சீலங்களையும் மனப்பாடமாக அறிந்தவர்கள் நடுவில்தான் அவ்வளவும் நடந்தது.

யாரும் கொலையை நோக்கமாகக் கொள்ளவில்லையே, மக்களைத் திரையில் இருத்தி வைப்பது மட்டும்தானே இலக்கு என்று கேட்கலாம். பழைய பௌத்த உரையாடல் நூல் ஒன்றில் மிலிந்த மன்னனும் நாகசேனர் என்ற துறவியிடம் இதற்கு நெருக்கமான கேள்வியைக் கேட்டிருக்கிறான்: தெரிந்து செய்த தீமை பெரிதா, தெரியாமல் செய்த தீமை பெரிதா? தெரியாமல் செய்ததே பெரிது என்றார் நாகசேனர். பழுக்கக் காய்ந்த இரும்புருண்டையைச் சூடென்று அறியாமல் பிடிப்பவனுக்குத்தான் கை அதிகம் வேகும். கல்லில் இருக்கும் பாடலும் அறியாமைக்கு மன்னிப்பு வழங்கவில்லை.

பொறுப்பு கைமாறிக் கைமாறிக் காணாமல் போவது ரப்பர்த் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. தாத்தா காலத்தில் பால் நிறுவையில் குறைந்தால் கங்காணி தோட்ட எழுத்தரான கிராணியைக் காட்டுவார், கிராணி துரையைக் காட்டுவார், துரை கடல் கடந்த கம்பெனியைக் காட்டுவார். கூலி வெட்டப்பட்டவர் யாரிடமும் நியாயம் கேட்க முடியாமல் தன் லயத்து வீட்டுக்குத் திரும்புவார். இப்போது அந்த வரிசையின் கடைசியில் இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். சுங்கை பட்டாணியில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்க்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவரின் கணக்கு அண்மையில் முடக்கப்பட்டது. அவர் காட்டிய கைப்பேசித் திரையில், சிஸ்டம் அப்படித்தான் முடிவு செய்துள்ளது என்ற பொருளில் மலாயில் ஒரே ஒரு வரி இருந்தது. அதன் கீழே பதில் எழுதும் இடம் மூடப்பட்டிருந்தது. துரையிடமாவது நேரில் போய்க் கையெடுத்துக் கும்பிட முடிந்தது.

மஜ்ஜிம நிகாயம் என்ற இன்னொரு பௌத்த மறைநூலில் புத்தர் தம் மகன் இராகுலனுக்குச் சொன்ன அறிவுரையை நான் பெரிதும் மதிக்கிறேன். செயலுக்கு முன்பும், செய்துகொண்டிருக்கும்போதும், செய்து முடித்த பின்பும், இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். தீங்கு விளைந்திருந்தால் அதை ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் வெளிப்படுத்தச் சொல்கிறார். பயனர் சொல்வதற்கெல்லாம் சாட்ஜிபிடி தலையாட்டிப் புகழத் தொடங்கியபோது, ஓப்பன்ஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்பைச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றுக் காரணத்தையும் வெளியிட்டது. இந்த அறிவுரைக்கு ஓரளவு நெருங்கி வந்த செயல் அது; பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அது நிறுவனத்தின் விருப்பத்தால் நடந்தது.

நம் அரசு 2024 செப்டம்பரில் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறை வழிகாட்டியும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவிலேயே நிற்கிறது. பொறுப்புடைமை அதன் ஏழு கோட்பாடுகளில் ஒன்று. எந்த இலக்கை வைத்து நிரல் மனிதர்களை எடை போடுகிறது, அதனால் பிழைப்பை இழந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் முறையீட்டைக் கேட்கும் மனிதர் யார் என்பவற்றை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடுவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.