கொலுசுக்கும் காப்பித்தூளுக்கும் ஒரே கேட்வேயா?

ஆன்லைனில் விற்கத் தொடங்குகிறவர்கள், வாடிக்கையாளரிடம் கார்டு, யுபிஐ மூலம் பணம் வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் 'கேட்வே' நிறுவனங்களைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "ரேசர்பேயா, கேஷ்ஃப்ரீயா, பேயூவா, எது சார் நல்லது?" என்பதுதான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். "என்ன விற்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் சிலருக்கு முகம் சுருங்குகிறது. பணம் வாங்குவதற்கும் சரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறார்கள். எல்லாச் சம்பந்தமும் அங்கேதான் இருக்கிறது.

கேட்வே நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கட்டணம் 2%, அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. காதில் விழும்போது சின்னத் தொகைதான். ஆனால் அந்த 2% உங்கள் லாபத்தில் எடுக்கப்படுவதில்லை, வாடிக்கையாளர் கட்டும் மொத்தத் தொகையில் எடுக்கப்படுகிறது. சரக்கின் அடக்கவிலை, நீங்கள் அரசுக்குக் கட்டவேண்டிய வரி, கூரியர் செலவு என்று உங்களுடையதல்லாத பணத்துக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இன்ஸ்டாகிராமில் கொலுசு விற்கிறார். ஒரு ஜோடி 10,000 ரூபாய், 3% ஜிஎஸ்டி சேர்த்து 10,300. வாங்கியவர் கிரெடிட் கார்டில் கட்டினார். கேட்வே பணத்தைக் கணக்கில் சேர்த்ததைக் காட்டும் செட்டில்மென்ட் தாளில் அந்த விற்பனை இப்படிப் பதிவாகியிருந்தது: கட்டணம் 206, அதற்கு ஜிஎஸ்டி 37.08, வங்கிக்கு வந்தது 10,056.92. கொலுசின் விலையில் பெரும்பங்கு வெள்ளிதான், அதில் யாரும் பேரம் பேச முடியாது. ஆள்கூலி, பாலிஷ் எல்லாம் போக அவருக்கு நின்றிருக்க வேண்டியது ஏறக்குறைய 600 ரூபாய். அதில் 243 ரூபாய் கேட்வேக்குப் போய்விட்டது. ஜிஎஸ்டி பதிவு இருப்பதால் அந்த 37 ரூபாயை, தான் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். பதிவு இல்லாதவருக்கும் விற்பனைத் தொகையில் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அதுவும் போனதுதான்.

இதைவிடப் பெரிய வலி நாள்கணக்கு. பெரும்பாலான கேட்வேக்களில் பணம் இரண்டு வேலைநாள் கழித்துத்தான் கணக்குக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை விற்றால் திங்களோ செவ்வாயோ ஆகிவிடும். வெள்ளி விற்றால் அன்றைக்கே வெள்ளி வாங்கி வைத்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். 2025இல் கிலோ 2 லட்சம் ரூபாயைத் தாண்டிய உலோகம் அது. இடைப்பட்ட நாள்களில் விலை ஏறினால், விற்ற எடையை அதே பணத்தில் திரும்ப வாங்க முடியாது. உடனடி செட்டில்மென்ட் வேண்டும் என்றால் அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

கொலுசு விற்பவருக்கு என் யோசனை எளியது. வியாபாரத்துக்கென்றே தனியாக நடப்புக் கணக்கு தொடங்கி, வணிகர் க்யூஆர் வாங்கி, யுபிஐயில் நேராக வாங்குங்கள். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகர் கட்டணம், அதாவது பணம் வாங்கும் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம், கிடையாது. சாதாரணமாக ஒரு லட்சம் ரூபாய் வரை அனுப்பலாம் என்பதால் கொலுசுக்குத் தாராளமாகப் போதும். கார்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு மட்டும் கேட்வே லிங்க் அனுப்பலாம். "கார்டு என்றால் 2% கூடுதல்" என்று நம் கடைவீதியில் சர்வசாதாரணமாகக் கேட்கிறார்கள். டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பழகிவிட்டதால் அது சரியாகிவிடாது.

தனிக் கணக்கு வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோசடிக்காரர்கள் யாரையோ ஏமாற்றிய பணத்தில் நகை வாங்குகிறார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930க்குப் புகார் சொல்கிறார். பணம் போன பாதையைத் தேடி வரும்போது, எந்த மாநிலத்துப் போலீஸோ கேட்டுக்கொண்டதாக வங்கி உங்கள் கணக்கை முடக்குகிறது. நீங்கள் பில் போட்டு ஒழுங்காக விற்றிருந்தாலும், அதை நிரூபிக்கும் வரை அலைச்சல்தான். அந்தக் கணக்கிலேயே வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் இருந்தால் குடும்பமே நின்றுபோகும்.

இளம்பிள்ளைச் சேலைக்காரர்களிடம் இதற்கு நேர்மாறாகப் பேசுவேன். அங்கே ஒரு சேலை 900 ரூபாய், வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் மளமளவென்று ஆர்டர் வரும். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டும் சேர்ந்தே வரும். நான் கணக்குப் பார்க்கும் ஒரு அம்மா, இரவில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல், ஒரு கையில் போனும் மறு கையில் நோட்டுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் வரும் யூடிஆர் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை வங்கிச் செய்தியோடு ஒப்பிட்டு டிக் போட்டுக்கொண்டிருப்பார். ஒரே தொகை, ஒரே நாள், பெயர் மட்டும் வேறு. மனைவி ஆர்டர் போட, கணவர் கணக்கிலிருந்து பணம் வரும். நடுவில் போலி ஸ்கிரீன்ஷாட் ஒன்று நுழைந்தால் ஒரு சேலையே போய்விடும். 900 ரூபாய்க்கு ஏறக்குறைய 20 ரூபாய் கேட்வேக்குக் கொடுத்தால், எந்த ஆர்டருக்குப் பணம் வந்தது என்று தானாகவே பதிவாகிவிடுகிறது. அந்த அம்மாவின் தூக்கத்துக்கு அது மலிவு என்பேன். "பணம் மிச்சம்" என்று யுபிஐயிலேயே ஓட்டுகிறவர்கள் தங்கள் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்ப்பதில்லை, அதுவும் பெண்கள் வீட்டிலிருந்து நடத்தும் வியாபாரத்தில் யாருமே போடுவதில்லை.

ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சேலை திரும்பி வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. நிறம் படத்தில் இருப்பதுபோல் இல்லை என்று திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம் என்றால், அதையும் விலையில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் விற்பவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். சுற்றுலா வந்தபோது ஒரு பாக்கெட் வாங்கியவர் ஊருக்குப் போய்ப் பெங்களூருவிலிருந்து மறுபடி கேட்பார், கிரெடிட் கார்டில் கட்டுவார். தூளுக்கு 500, கூரியருக்கு 80 என்றால் கேட்வே எடுப்பது 11 ரூபாய் 60 காசு; 2,000 ரூபாய் வரை கார்டில் கட்டினால் கட்டணத்தின் மேல் ஜிஎஸ்டி இல்லை. தானே வறுத்து அரைத்து விற்பவருக்கு அது பொருட்டே இல்லை. நாகலூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் போனில் சிக்னல் போய்விடும். அந்த நேரத்தில் வந்த ஆர்டர்கள் பணம் கட்டியது, கட்டாதது என்று பிரிந்து, சிக்னல் வந்ததும் பார்க்கத் தயாராக இருக்கும். மலையில் இருப்பவருக்கு நான் யோசிக்காமல் கேட்வே வாங்கச் சொல்வேன்.

எந்த நிறுவனமாக இருந்தாலும், ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிகளின்படி உங்கள் பணத்தை அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தோடு கலக்காமல் வங்கியில் எஸ்க்ரோ என்னும் தனிப் பாதுகாப்புக் கணக்கில்தான் வைக்க வேண்டும். பிறகு, யுபிஐக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். சட்டப்படி வணிகர் கட்டணம் பூஜ்ஜியம் என்றாலும், 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்ற பெயரில் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். போனில் தேனாகப் பேசும் விற்பனைப் பிரதிநிதியிடம், "இதை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

நம் பக்கம் யாராவது யுபிஐக்குக் கட்டணமே இல்லை என்று எழுத்தில் வாங்கியிருந்தால், எந்த நிறுவனம், மாத விற்பனை எவ்வளவு இருந்தபோது கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். அந்தச் சேலைக்கார அம்மாவுக்கு இந்த மாதமே பேச வேண்டியிருக்கிறது.