பீஸ் கட்டுகிற பள்ளியில் பிள்ளையின் வயிறு யார் பொறுப்பு?

போன மாதம் என் மகனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதில் 11.5-க்குக் குறையக் கூடாது என்றார் டாக்டர். தூக்கிவாரிப் போட்டது. காரைக்குடியில், வாரம் தவறாமல் கறி எடுக்கிற வீட்டில், பிள்ளைக்கு ரத்தசோகை.

"காலையில் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டார். ஏழே முக்காலுக்கு வேன் வந்துவிடும். ஒரு டம்ளர் டீ, அதில் தொட்டுக்கொள்ள இரண்டு வறுக்கி. சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசியது. சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் இருக்கிற இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராதாம்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவின் மகளும் இரண்டாம் வகுப்புதான், நகராட்சிப் பள்ளியில். (ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது, வாயில் இன்னும் நகராட்சி என்றுதான் வருகிறது.) காலையில் பள்ளியிலேயே பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு சாப்பிடுகிறாள். மதியம் சத்துணவு, அதோடு முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2025-ல் நகரத்து அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. எங்களைப் போலப் பீஸ் கட்டிப் படிக்க வைக்கும் பள்ளிகள் இதில் இல்லை. வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, அரசாங்கப் பணம் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கே போகட்டும். ஆனால் டைக்கும் ஷூவுக்கும் வேனுக்கும் கணக்குப் போட்டு வாங்குகிற பள்ளி, பிள்ளை என்ன தின்கிறது என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டாமா?

பீஸ் கட்டப் போன அன்று இடைவேளை நேரம். வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். கிரீம் பிஸ்கட், கப் கேக், பத்து ரூபாய் சிப்ஸ். என் மகனின் விரல் நுனியெல்லாம் மசாலாச் சிவப்பு, அதைச் சட்டையிலேயே துடைத்தான். ஒரே ஒரு பெண் பிள்ளை அவித்த கடலை கொண்டுவந்திருந்தாள். மூடியைப் பாதிதான் திறந்திருந்தாள். உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டாள்.

அதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, இதை ஒரு வீடு மட்டும் திருத்த முடியாது. நான் நாளைக்குச் சுண்டல் கட்டிக் கொடுத்தால் அவனும் மறைத்துத்தான் தின்பான், இல்லை திருப்பிக் கொண்டுவருவான். இன்றைக்கு எல்லோரும் சுண்டல், நாளைக்கு எல்லோரும் பழம் என்று பள்ளியே சொல்லிவிட்டால் மறைக்க என்ன இருக்கிறது?

நம் ஊருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உளுந்து, பாசிப்பருப்பு, பச்சரிசி மூன்றையும் தனித்தனியாக, மணம் தெரு வரை போக வறுத்து அரைத்து, கருப்பட்டிப் பாகும் நெய்யும் விட்டு என் அப்பத்தா கும்மாயம் கிண்டுவார். கருப்பட்டியும் இனிப்புதான், அளவோடுதான் கொடுக்க வேண்டும். ஆனால் அதில் பருப்பு இருக்கிறது, பசி தாங்கும். விருந்தாளி வந்தால் இலை நிறையப் பலகாரம் வைக்கிறோம், பிள்ளையின் டப்பாவில் மட்டும் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறோம்.

அப்புறம் அந்தக் கேட் கடை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று 2020-லேயே உணவுப் பாதுகாப்பு விதி வந்துவிட்டது. எங்கள் பள்ளி கேட்டிலிருந்து கடைக்கு ஏழு தப்படிதான். கடைக்காரர் பிழைப்பையும் நான் நினைக்காமல் இல்லை. கொய்யாவும் வேர்க்கடலையும் வைக்கட்டும், முதல் ஆளாக நான் வாங்குகிறேன்.

வீட்டில் காலை டீயை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. வேனுக்கு முன் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும். முருங்கைக்கீரை அடைக்கு இன்னும் முகம் சுளிக்கிறான்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பொதுத் தின்பண்டம், கேட் கடை, இரண்டையும் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன். நம் வகுப்புப் பெற்றோர் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து கையெழுத்துப் போடுங்கள்.