ஒரே ஊர்க்காரர்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஓர் ஒட்டுக்கடை. மே முதல் தேதி, தொழிலாளர் தினம், சாயங்காலம் நாலு மணி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. தகரக் கூரைக்குக் கீழே கத்தினால்தான் எதிரே இருப்பவருக்குக் கேட்கும். ஆகவே பக்கத்து மேசையில் இருந்த நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அந்த மேசையில் பெரியசாமி. ரப்பர் தோட்டத்தில் 31 வருஷம் பால்மரம் சீவியவர். அவர் பக்கத்து நாற்காலியில், விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, ஒரு மஞ்சள் ஹெல்மெட் உட்கார்ந்திருக்கிறது. எதிரே குணா. மோட்டார் பட்டறைக்காரர். நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு எண்ணெய். சப்பாத்திக்குச் சென்னா மசாலா கேட்டிருந்தார்கள். கடைப் பையன் வந்து, "அங்கிள், சென்னா முடிஞ்சிருச்சு" என்றான்.

பெரியசாமி: தெரியும் தம்பி. 94லேயே முடிந்துவிட்டது.

(பையன் விழித்துவிட்டு, பருப்புக் கறி எடுக்கப் போகிறான்.)

குணா: அண்ணே, அவன் கடலையைச் சொன்னான்.

பெரியசாமி: நான் அயர்டன் சென்னாவைச் சொன்னேன். இன்றைக்கு என்ன தேதி?

குணா: மே ஒண்ணு என்றால் ஊரில் எல்லாரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள். நீங்கள் ஒருத்தர்தான் 94இல் ஃபார்முலா ஒன் கார் ரேஸில் செத்துப்போனவருக்குத் திதி கொடுக்கிறீர்கள்.

பெரியசாமி: கொடுக்கக்கூடாதா? சொந்தக்காரர் இல்லையா?

குணா: எந்த வழியில்? அப்பா வழியா, அம்மா வழியா?

பெரியசாமி: மர வழியில்.

குணா: ஆரம்பித்தாயிற்று. பையா, எனக்கு இன்னொரு தே தாரேக். இது நேரம் பிடிக்கும்.

பெரியசாமி: நீ சிரி. 1876இல் விக்காம் என்ற வெள்ளைக்காரன் பிரேசிலிலிருந்து ரப்பர் விதையை அள்ளிக்கொண்டு லண்டனுக்குப் போனான். 70,000 விதை. முளைத்ததில் 22 கன்று அடுத்த வருஷம் சிங்கப்பூருக்கு வந்தது. அதில் 9 கன்றை எங்கே நட்டார்கள்?

குணா: பக்கத்தில், கோலகங்சாரில். போன வருஷம் இதே நாள் சொன்னீர்கள். அதற்கு முந்திய வருஷமும்.

பெரியசாமி: அப்புறம் என்ன கேள்வி? மரமும் பிரேசில், சென்னாவும் பிரேசில். அந்த மரத்துக்குப் பக்கத்தில் நின்று நான் தினம் கும்பிட்டு உளியை எடுத்தேன். அப்படியானால் அவர் எனக்கு யார்?

குணா: அண்ணே, அவர் சாவ் பாலோக்காரர். ரப்பர் அமேசான் காட்டு மரம். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

பெரியசாமி: என் அப்பா சேலம். உன் தாத்தா தஞ்சாவூர். இங்கே வந்து ஒரே லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவில்லையா? கப்பல் ஏறிவிட்டால் எல்லாரும் ஒரே ஊர்தான்.

(குணாவுக்கு இதற்குப் பதில் இல்லை. ஹெல்மெட்டைப் பார்க்கிறார்.)

குணா: சென்னாவுடையது மாதிரியே மஞ்சள் அடித்த இந்த ஹெல்மெட்டைப் பற்றியும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. 91இல் மாரியம்மன் கோவிலுக்குப் பெயிண்ட் வாங்கிய கமிட்டியில் நீங்கள் இருந்தீர்கள்.

பெரியசாமி: பொருளாளர்.

குணா: கோபுரத்தில் கிழக்குப் பக்கத்துத் துவாரபாலகருக்கு இடுப்புக்குக் கீழே மஞ்சள் போதவில்லை.

பெரியசாமி: அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னா அந்த வருஷம் மூன்றாவது தடவை உலகச் சாம்பியன் ஆனார். 88, 90, 91. அம்மன் அருள் இல்லாமலா?

குணா: இந்தப் பச்சைக் கோடு?

பெரியசாமி: அம்மன் கையில் இருக்கும் கிளிக்கு வாங்கியது. மிச்சம் இருந்தது.

குணா: நீலம்?

பெரியசாமி: கிருஷ்ணர். அவரிடம் கொஞ்சம்தான் எடுத்தேன்.

(மழை இன்னும் வலுக்கிறது. சாரல் மேசைக்கு வருகிறது. பெரியசாமி முதலில் ஹெல்மெட்டை நகர்த்துகிறார், பிறகுதான் சப்பாத்தியை.)

குணா: எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மழை பெய்தால் உங்களுக்கு வேலை இல்லை. பட்டை நனைந்தால் பால் சீவிய கோட்டைத் தாண்டி வழிந்து ஓடும், பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததும் தண்ணீராகிவிடும், அன்றைக்குச் சம்பளத்தில் துண்டு விழும். 31 வருஷம் மழையைத் திட்டியவர் நீங்கள். சென்னா பேர் வாங்கியதே மழையில்தான்.

பெரியசாமி: அதனால்தான் தம்பி! விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து வாசலில் கையை நீட்டுவேன். தூறல் விழும். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போனால், வேலை வாங்குகிற தண்டல் வானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அவ்வளவுதான், திரும்பி வந்து சுருண்டு படுக்க வேண்டும். உலகத்தில் மழை வந்தால் வேலைக்குக் கிளம்புகிற ஒரே ஆள் அவர்தான். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டு டிவியில் ஒரு தடவை பார்த்தேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று.

குணா: கிராணி உள்ளே கூப்பிடவில்லையா?

பெரியசாமி: கூப்பிட்டார். காலில் சேறு. அந்த அம்மா கூப்பிடவில்லை.

குணா: எந்த ரேஸ்?

பெரியசாமி: 1993, இங்கிலாந்தில் டோனிங்டன். கொட்டுகிற மழை. நாலாவதாக நின்றவர், கிளம்பும்போது ஐந்தாவதாகப் போய்விட்டார். நான் வெற்றிலையை மடித்து வாயில் வைத்து நிமிர்வதற்குள் முதல் சுற்று முடிந்தது. முதலாவதாக வருகிறார்! நாலு பேரையும் முந்திவிட்டார், அதில் சென்னாவின் பெரிய போட்டியாளர், உன் புரோஸ்டும் உண்டு.

குணா: என் புரோஸ்டை ஏன் இழுக்கிறீர்கள்? நாலு தடவை சாம்பியன். 51 வெற்றி. உங்கள் ஆள் மூன்று தடவை, 41 வெற்றி. நாலு பெரிதா மூன்று பெரிதா?

பெரியசாமி: கணக்குப் பார்த்தால் எப்போதும் கிராணிதான் ஜெயிப்பான். புத்தகம் அவன் கையில்தானே இருக்கிறது.

குணா: அவருக்குப் பட்டப்பெயரே புரொபசர்.

பெரியசாமி: நான் கிராணி என்றேன், நீ புரொபசர் என்கிறாய். 1984 மொனாக்கோவில் அந்தக் கணக்கு என்ன ஆனது? சென்னாவுக்கு அது முதல் வருஷம். டோல்மன் என்று ஒரு ஓட்டைக் காடி. 13ஆவது இடத்தில் கிளம்பினார். மழையில் ஒவ்வொருவராகத் தாண்டி இரண்டாவதாக வந்து, முன்னால் போன புரோஸ்டின் கழுத்தில் மூச்சு விடுகிறார். புரோஸ்ட் என்ன செய்தார்? காடியிலிருந்து கையை நீட்டி, "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்!" நிறுத்திவிட்டார்கள்.

குணா: மழை அப்படி. உயிர் முக்கியம் இல்லையா?

பெரியசாமி: முக்கியம்தான். பாதி ரேஸ், பாதிப் புள்ளி. 9 கிடைக்க வேண்டிய இடத்தில் புரோஸ்டுக்கு நாலரை. வருஷக் கடைசியில் லாடா என்ற இன்னொருவர் 72, புரோஸ்ட் 71.5. அரைப் புள்ளியில் சாம்பியன் போச்சு! பேசாமல் முழு ரேஸ் ஓடி, சென்னாவை முன்னால் விட்டு இரண்டாவதாக வந்திருந்தாலே 6 புள்ளி. கிராணி தன் சம்பளத்தையே தப்பாகக் கூட்டிவிட்டான்.

(குணா விரல் விட்டுக் கூட்டிப் பார்க்கிறார். மறுபடியும் கூட்டுகிறார். 73 வருகிறது. தே தாரேக்கைக் குடிக்கிறார்.)

பெரியசாமி: அன்றைக்குக் கொடி காட்டி நிறுத்தியவர் ஜாக்கி இக்ஸ். அடுத்த வருஷம் இங்கேயே ஷா ஆலம் வந்து, 800 கிலோமீட்டர் போட்டியில் ஜெயித்துவிட்டும் போனார். அதிலிருந்து நான் ஷா ஆலம் பக்கமே போவதில்லை.

குணா: அண்ணே, ஷா ஆலத்தில்தானே உங்கள் மகள் இருக்கிறாள்?

பெரியசாமி: அவளை இங்கே வரச் சொல்வேன்.

(இந்த இடத்தில் எனக்குப் புரையேறியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.)

குணா: உங்கள் ஆள் மட்டும் தப்பே செய்யாதவரா? 1988 மொனாக்கோ. புரோஸ்டைவிட 50 நொடிக்கு மேல் முன்னால். கண்ணை மூடிக்கொண்டு வந்திருந்தால்கூட ஜெயித்திருக்கலாம். 67ஆவது சுற்றில் சும்மா இருந்த கம்பியில் போய் முட்டினார்.

பெரியசாமி (சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டு): இதை நீ மரம் சீவியவனிடம் கேட்க வேண்டும். கையைக் கொடு.

(குணாவின் முழங்கையைப் பிடித்து நிமிர்த்துகிறார். தேக்கரண்டியின் காம்பை மணிக்கட்டுக்கு மேலே வைத்து, சாய்வாக இறக்குகிறார்.)

பெரியசாமி: இதுதான் கோடு. உளி பட்டையில் ஒரு நூல் ஆழம்தான் போக வேண்டும். குறைந்தால் பால் வராது. கூடினால் மரத்தில் காயம். அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அங்கே சீவ முடியாது. முதல் முன்னூறு மரம் கவனமாகச் சீவுவாய். கை பழகிவிடும். கை பழகினதும் மனசு எங்கேயோ போகும். பிள்ளைக்குப் பள்ளிச் சட்டை, கடைக்காரன் பாக்கி. அப்போது ஒரு மரத்தில் உளி எலும்பு வரைக்கும் இறங்கும். எந்த மரத்தில்? சுலபமான மரத்தில்தான். கஷ்டமான மரத்தில் ஒருநாளும் வெட்டுப்படாது.

குணா: அண்ணே, கை வலிக்கிறது.

பெரியசாமி: அவருக்கும் அதுதான் நடந்தது. முந்தின நாள் புரோஸ்டைவிட ஒரு சுற்றில் 1.4 நொடி வேகம். சுவரை உரசாமல் ஒரு நூல் தள்ளி. ரேஸில், மெதுவாகப் போ என்றார்கள். மெதுவாகப் போனதும் மனசு போயிற்று, காடியும் போயிற்று.

குணா: முட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் நேரே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். மொனாக்கோவிலேயே வீடு. ராத்திரி வரைக்கும் ஆளைக் காணோம்.

பெரியசாமி: காயம் பட்ட மரத்தைத் தண்டல் பார்ப்பதற்கு முன்னால் நானும் அப்படித்தான் செய்வேன். போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட வேண்டும். அப்போதே நினைத்தேன், இது தோட்டத்து ரத்தம்.

(மழை கொஞ்சம் குறைகிறது. கத்த வேண்டிய அவசியம் போனதும் இருவருக்கும் பேச்சு நின்றுவிடுகிறது. பெரியசாமிதான் மறுபடி வாயைத் திறக்கிறார்.)

பெரியசாமி: அன்றைக்கும் மே ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை வேறு. தோட்டத்தில் யாருக்கும் பெரட்டு இல்லை. இத்தாலியில் மத்தியானம், நமக்கு ராத்திரி எட்டு மணி. ஏழாவது சுற்று. அன்றைக்குத்தான் கிராணி சம்சாரம் என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காலில் சேற்றோடு உட்கார்ந்தேன்.

குணா: முந்தின நாள் ஓர் ஆஸ்திரியாக்காரரும் செத்துப்போனார், ராட்சன்பர்கர். சென்னாவின் காரில் ஆஸ்திரியக் கொடி ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

பெரியசாமி: அவருக்காகத் தூக்கிப் பிடிக்க வைத்திருந்தார்.

குணா: பருப்பு ஆறுகிறது, அண்ணே.

பெரியசாமி: இங்கே சிப்பாங் ரேஸ் திடலை 99இல் திறந்தார்கள். அஞ்சு வருஷம் பொறுத்திருந்தால் என் வீட்டுக்கு வந்திருப்பார்.

குணா: சிப்பாங்குக்கு வந்திருப்பார். உங்கள் வீட்டுக்கு எதற்கு?

பெரியசாமி: டயரைப் பற்றி விசாரிக்க. குட்இயர் டயர். அதில் இருந்தது யார் சீவிய பால்?

குணா (நாற்காலியை முன்னால் இழுத்து): இதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். படித்துவிட்டு வந்திருக்கிறேன். ரேஸ் டயரில் பெரும்பகுதி செயற்கை ரப்பர். பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது. உங்கள் பாலுக்கும் அவர் டயருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது.

(இது கொஞ்சம் கொடூரம்தான். பெரியசாமி ஹெல்மெட்டின் மேல் இருந்த ஒரு மழைத்துளியைக் கட்டைவிரலால் துடைத்தார். அவர் பக்கம் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.)

பெரியசாமி: பெட்ரோலா?

குணா: ஆமாம். இயற்கை ரப்பர் அதிகம் இருப்பது விமானத்து டயரில். இறங்கும்போது சூடு தாங்க வேண்டும், அதற்கு மரத்து ரப்பர்தான் சரி.

பெரியசாமி: எதில் என்றாய்?

குணா: விமானத்து டயரில்.

பெரியசாமி: ஓ. அப்படியானால் ஒன்று சொல். சென்னா பிரேசிலிலிருந்து மொனாக்கோவுக்கு நடந்தா போனார்?

குணா: ...

பெரியசாமி: சொந்த விமானமே வைத்திருந்தார். ஜப்பானுக்குப் போனார், ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் இறங்கினாரே, எதன் மேல் இறங்கினார்?

குணா: அண்ணே, நான் பட்டறைக்குப் போக வேண்டும்.

பெரியசாமி: காடி ஓட்டும்போது விட்டிருப்பேன், போகட்டும். வரும்போதும் போகும்போதும் பத்திரமாகத் தரையில் இறக்கியது யார்? சொல்லிவிட்டுப் போ!

(மழை விட்டுவிட்டது. பெரியசாமி எட்டு வெள்ளியை மேசையில் வைத்து, மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கிக்கொண்டு வெளியே வருகிறார். தூணுக்குப் பக்கத்தில் அவருடைய பழைய ஹோண்டா கப்சாய், நனைந்த கோழி மாதிரி. உதைக்கிறார். உதைக்கிறார். நாலாவது உதைக்கு ஓர் இருமல், அதோடு சரி.)

பெரியசாமி: நேற்றுத்தானே பிளக் மாற்றினாய்?

குணா: பிளக் புதிது. மோட்டார்தான் பழையது.

பெரியசாமி: 88 ஜப்பான். சாம்பியன் முடிவாகிற ரேஸ். எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், சென்னாவின் காடி மட்டும் அணைந்து நிற்கிறது. அதுவும் ஹோண்டாதான். நல்லவேளை, அந்த இடம் இறக்கம். உருட்டி ஸ்டார்ட் பண்ணினார். 14ஆவதாகப் போய்விட்டவர், கடைசியில் யார் ஜெயித்தது?

குணா: தெரியும், தெரியும். கியரில் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

(கடைக்கு முன்னால் ரோடு பட்டணத்தை நோக்கிச் சரிகிறது. குணா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளுகிறார். பத்தடி, இருபதடி, ஒரு குட்டை; குணாவின் முழங்கால் வரைக்கும் சேறு. சந்து முனையில் மோட்டார் படபடவென்று பிடித்துக்கொள்கிறது. ஒரு லோரி, ஒரு பள்ளி வேன், ஐஸ்கிரீம் விற்கிறவரின் மோட்டார், எல்லாம் பெரியசாமியை முந்திக்கொண்டு போகின்றன. அவர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்துகிறார்.)

குணா (மூச்சு வாங்கிக்கொண்டு, கத்தி): அண்ணே! 14ஆவது இடம்! இன்னும் நிறைய ரோடு இருக்கிறது!