பியானோ இல்லாத 1957

அமெரிக்க டெனர் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ரோலின்ஸின் மிகச் சிறந்த இசைத்தட்டு எது என்று கேட்டால் ஜாஸ் ரசிகர்களில் பெரும்பாலோர் யோசிக்காமல் சொல்லும் பதில் 'சாக்ஸபோன் கொலோசஸ்'. புத்தகங்களும் பட்டியல்களும் அப்படித்தான் சொல்கின்றன. என் ஓட்டு அதற்கில்லை. அதற்கு அடுத்த வருடம், 1957 நவம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் ஒரு பாஸ் (கனத்த கீழ்ச்சுரங்கள் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), ஒரு டிரம்ஸ் மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் வாசித்ததுதான் உச்சம். டெனர் சாக்ஸபோனில் அதைவிடத் துணிச்சலான ஒரு நாளை நான் கேட்டதில்லை.

'கொலோசஸ்' சாதாரணத் தட்டு என்று சொல்ல வரவில்லை. 1956 ஜூன் 22 அன்று, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் தன் பெற்றோர் வீட்டுக் கூடத்தையே ஸ்டுடியோவாக வைத்திருந்த இடத்தில் பதிவானது அது. டாமி ஃபிளானகன் பியானோ, டக் வாட்கின்ஸ் பாஸ், மாக்ஸ் ரோச் டிரம்ஸ். ரோலின்ஸுக்கு அப்போது வயது 25. அம்மாவின் ஊர் கரீபியக் கடலிலுள்ள வர்ஜின் தீவுகள். சிறு வயதில் அம்மா பாடிக் கேட்ட மெட்டைத்தான் 'செயின்ட் தாமஸ்' ஆக்கினார். இன்று வரை அதைக் கேட்டுக் கால் ஆடாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

ஆனால் அந்தத் தட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தேதி குறுக்கே வந்து நிற்கும். பதிவு முடிந்த நான்காவது நாள், ஜூன் 26, பென்சில்வேனியாவில் நடந்த கார் விபத்தில் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுனும் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் இறந்துபோனார்கள். பிரவுனும் மாக்ஸ் ரோச்சும் சேர்ந்து நடத்திய குழுவில்தான் ரோலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். பிரவுனுக்கும் 25தான். ஹெராயினில் சிக்கிச் சிறைக்கும் சிகிச்சைக்கும் போய் மீண்டு வந்திருந்த ரோலின்ஸுக்கு, எந்தப் பழக்கமும் இல்லாமலேயே பெரிய ஜாஸ் கலைஞனாக வாழலாம் என்று வாழ்ந்து காட்டியவர் பிரவுன். 1957இன் ரோலின்ஸ் அந்த இழப்புக்குப் பிந்தைய ரோலின்ஸ்.

இந்த இடத்தில் பியானோ பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது விளங்காது. ஜாஸில் பியானோக்காரர் பின்னால் இருந்து கார்ட்ஸ் (ஒரே நேரத்தில் சேர்த்து அழுத்தும் சில சுரங்கள்) போட்டுக்கொண்டே போவார். பாட்டு இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, அடுத்து எங்கே திரும்பப் போகிறது என்பதை அந்த கார்ட்ஸ் கேட்பவருக்கும் சொல்லும், வாசிப்பவருக்கும் சொல்லும். அது பெரிய வசதி. கூடவே ஒரு கட்டுப்பாடும். பியானோக்காரர் ஒரு கார்டை அழுத்திவிட்டால் அந்தக் கணத்தில் அதை ஒட்டியோ வெட்டியோதான் சாக்ஸபோன் பேசமுடியும். பியானோ இல்லையென்றால் அந்தப் பொறுப்பு முழுவதும் ஊதுகிறவர் தலையில். பாட்டின் எலும்புக்கூட்டைத் தன் ஒற்றை வரியிலேயே அவர் காட்டியாகவேண்டும். விரும்பினால் மறைக்கலாம், சுற்றிவளைக்கலாம், பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் வந்து எடுத்துக்கொள்ளலாம். நாகசுரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். ஒரு குழல், ஒரு தாளம், அடியில் ஓர் ஆதாரம். பாஸ் மட்டும் ஒத்து மாதிரி ஒரே சுரத்தில் நிற்காது, நடந்துகொண்டே இருக்கும்.

1957ஐ வரிசையாகக் கேட்டால் ரோலின்ஸ் ஒவ்வொரு துணையாகக் கழற்றிப் பார்த்திருப்பது தெரியும்.

மார்ச் 7, லாஸ் ஏஞ்சலீஸ். 'வே அவுட் வெஸ்ட்'. ரே பிரவுன் பாஸ், ஷெல்லி மேன் டிரம்ஸ். இருவரும் பகலெல்லாம் வேறு வேலைகளில் இருந்ததால் பதிவு விடிகாலை மூன்று மணிக்குத் தொடங்கியது. அட்டைப்படத்தில் பாலைவனத்தில் கௌபாய் தொப்பியும் துப்பாக்கி உறையுமாக, கையில் சாக்ஸபோனோடு ரோலின்ஸ் நிற்பார். வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த படம். நியூயார்க்கின் ஹார்லெமில் கௌபாய் படம் பார்த்து வளர்ந்த பையனின் ஆசை அது. உள்ளே 'ஐ'ம் ஆன் ஓல்ட் கௌஹேண்ட்', 'வேகன் வீல்ஸ்' என்று யாரும் ஜாஸுக்கு எடுக்காத மேற்கத்திய வண்டிப் பாட்டுகள். ஷெல்லி மேன் மரக்கட்டையில் குதிரைக் குளம்புச் சத்தம் தட்டுவார். கேலிக்கூத்தாகப் போயிருக்க வேண்டிய சமாச்சாரம். ரோலின்ஸோ அந்த மெட்டுகளை மனதார நேசித்து வாசிக்கிறார். எளிய பாட்டு, மலிவான பாட்டு என்று அவர் எதையும் ஒதுக்கியதே இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான். மெட்டு எவ்வளவு எளிமையோ அவ்வளவு தூரம் அதை இழுத்துப்போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதே தட்டில் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனின் 'சாலிட்யூட்' உண்டு. அதைத் தனியாக உட்கார்ந்து கேளுங்கள்.

ஜூன் மாதம் 'தி சவுண்ட் ஆஃப் சன்னி' என்ற தட்டுக்கான பதிவு. அதில் 'இட் குட் ஹேப்பன் டு யூ' என்ற பாட்டில் துணைக்கு யாருமே இல்லை. வெறும் டெனர் சாக்ஸபோன், நான்கு நிமிடத்துக்கும் குறைவு. மூத்த டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் இதற்கு முன்பே துணையின்றி வாசித்துப் பதிவு செய்திருக்கிறார், ரோலின்ஸுக்கு அவர்தான் ஆதர்சம். இருந்தாலும் இந்தச் சின்னப் பதிவில், மூச்சு வாங்கும் இடைவெளியிலும் தாளம் நமக்குள் ஓடிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள்.

செப்டம்பரில் 'நியூக்ஸ் டைம்'. (நியூக் என்பது அவர் செல்லப்பெயர், பேஸ்பால் வீரர் டான் நியூகோம்பின் சாயல் அவரிடம் இருந்ததால் வந்தது.) இதில் பியானோவும் பாஸும் உண்டு. ஆனால் 'தி சர்ரி வித் தி ஃபிரிஞ்ஜ் ஆன் டாப்' வந்ததும் இருவரும் ஒதுங்கிக்கொள்ள, ஃபில்லி ஜோ ஜோன்ஸின் டிரம்ஸும் சாக்ஸபோனும் மட்டும் நேருக்கு நேர். குதிரை வண்டியைப் பற்றிய ஒரு நாடகப் பாட்டு இவ்வளவு ஆனந்தமாக இருக்க முடியுமா என்று இருக்கும்.

அப்புறம்தான் அந்த நவம்பர் ஞாயிறு.

வேன்கார்ட், கிரீன்விச் வில்லேஜில் படியிறங்கிப் போகும் ஒரு நிலவறைக் கிளப். அங்கே நேரடியாகப் பதிவாகி வந்த முதல் ஜாஸ் தட்டு இதுவே. பிற்பாடு எத்தனையோ பேர் அங்கே பதிவு செய்ததற்கு இதுதான் பிள்ளையார் சுழி. மதியக் காட்சிக்கு டொனால்ட் பெய்லி பாஸ், 19 வயது பீட் லா ரோக்கா டிரம்ஸ். இரவுக்கு வில்பர் வேர் பாஸ், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ். சில வருடம் கழித்து சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு சேர்ந்து உலகத்தையே உலுக்கப்போகிற அதே எல்வின்தான். இங்கேயே அவர் கை எப்படி இருக்கிறதென்று பாருங்கள். மூன்று மூன்றாகப் புரண்டு வரும் அடிகள், எது சமம் என்று தடுமாற வைத்து, சரியான இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். வில்பர் வேர் அதற்கு நேர் எதிர். குறைவாக வாசிப்பார், ஒவ்வொரு சுரமும் மரத்தின் கனத்தோடு விழும். 'சாஃப்ட்லி அஸ் இன் எ மார்னிங் சன்ரைஸ்' பாட்டில் அவர் பாஸை மட்டும் பின்தொடர்ந்து ஒருமுறை முழுதாகக் கேட்பது வீண்போகாது.

அன்று வாசித்த 'சன்னிமூன் ஃபார் டூ'வின் மெட்டு என்ன? கீழ்நோக்கி இறங்கும் ஒரே ஒரு சிறு வரி. அதை மூன்று முறை வாசித்தால் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் முடிந்துபோயிற்று. பள்ளிப்பிள்ளைகூட வாசித்துவிடலாம். அந்த வரியை ரோலின்ஸ் உடைக்கிறார், தாளத்துக்குக் கொஞ்சம் முந்திப் போடுகிறார், பிந்திப் போடுகிறார், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிடிவாதம் செய்கிறார், திடீரென்று முரட்டுக் குரலில் ஓர் இறக்கம். எங்கே போனாலும் அந்தச் சிறு வரியின் நினைவு விட்டுப்போவதில்லை. 'கொலோசஸ்' தட்டின் 'ப்ளூ 7'இல் இதே குணத்தைக் கண்டுதான் இசை விமரிசகர் குந்தர் ஷுலர் 1958இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். ஒரு சிறு கருப்பொருளை வைத்துக்கொண்டே முழு சோலோவையும் (தனி வாசிப்பையும்) ரோலின்ஸ் கட்டுகிறார் என்பது அவர் வாதம். அருமையான கட்டுரை. ஆனால் அதைப் படித்தபின் தன் வாசிப்பைப் பற்றித் தானே அதிகமாக யோசிக்க ஆரம்பித்துவிட்டதாகவும், இனி விமரிசனங்களையே படிப்பதில்லை என்று முடிவெடுத்ததாகவும் ரோலின்ஸ் சொல்லியிருக்கிறார். வேன்கார்ட் பதிவு அந்தக் கட்டுரைக்கு முந்தையது. யாரும் இன்னும் விளக்கம் சொல்லித் தராத மனிதர் வாசிப்பது இதில் கேட்கிறது. நான் இதை மேலே வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூவர் குழுவின் அடுத்த பெரிய காரியம் 1958இன் 'ஃப்ரீடம் ஸ்வீட்' (விடுதலை இசைத்தொடர்). ஆஸ்கர் பெட்டிஃபோர்ட் பாஸ், மாக்ஸ் ரோச் டிரம்ஸ். தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 19 நிமிடத்துக்கு மேல், ஒரே படைப்பு. பேரும் புகழும் வந்த பிறகும் நியூயார்க்கில் கறுப்பர் என்பதால் வாடகைக்கு வீடு பிடிக்கத் திண்டாடிய காலம் அது. அமெரிக்காவின் பேச்சும் நகைச்சுவையும் இசையும் கறுப்பின மக்களின் பண்பாட்டில் வேர்கொண்டவை, அந்த மக்களுக்கே மனிதத்தன்மையற்ற நடத்தை பரிசாகக் கிடைக்கிறது என்று தட்டின் உறையிலேயே எழுதினார். 1958இல் ஒரு கலைஞர் அப்படி எழுதுவது லேசுப்பட்ட விஷயமல்ல. பின்னாளில் அதே இசையைக் கம்பெனி மறுபக்கத்தில் இருந்த ஒரு சாதுவான பாட்டின் பெயரில், 'ஷேடோ வால்ட்ஸ்' என்று மறுவெளியீடு செய்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். 'விடுதலை' என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு அந்த இசையை விற்கலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அதற்கடுத்து எல்லோருக்கும் தெரிந்த கதை. 1959இல் மேடையை விட்டு விலகி, 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் போய் நின்று நாளெல்லாம் சாதகம் செய்தார். திரும்பி வந்து 1962இல் தந்த 'தி பிரிட்ஜ்' அழகான தட்டு, ஜிம் ஹாலின் கிட்டார் பியானோ அளவுக்கு இடத்தை அடைப்பதில்லை. ஆனால் அந்தத் தட்டைவிட அந்தக் கதையைத்தான் மக்கள் அதிகம் கொண்டாடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அறுபதுகளின் இறுதியில் மும்பையில் ஓர் ஆசிரமத்தில் தங்கி யோகமும் வேதாந்தமும் படித்துவிட்டுப் போனார். எழுபதுகளுக்குப் பிந்தைய ஸ்டுடியோ தட்டுகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மேடையில் அவர் வேறு ஆள். 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்துக்கு ஆறு தெரு தள்ளி ஓர் உயரமான கட்டடத்தில் குடியிருந்தார். சாக்ஸபோனோடு வெளியேற்றப்பட்டவர், மனைவி லூசில் வற்புறுத்த, 15ஆம் தேதி பாஸ்டனில் கச்சேரி செய்தார். 'விதவுட் எ சாங்' என்ற பெயரில் அது வந்திருக்கிறது. 71 வயது. நான் கேட்ட வயதான ரோலின்ஸில் இதுதான் சிறந்தது.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு: நேராக வேன்கார்டில் குதிக்கவேண்டாம். 'செயின்ட் தாமஸ்', பிறகு 'வே அவுட் வெஸ்ட்', அதன்பின் வேன்கார்ட். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அதில் பாஸ் கேட்காது, வில்பர் வேர் காணாமல் போய்விடுவார், மூவர் குழு இருவர் குழு ஆகிவிடும். நல்ல ஹெட்போன் போதும். முதல் தடவை கேட்கும்போது ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். வேன்கார்ட் தட்டின் 'ஓல்ட் டெவில் மூன்' பாட்டு முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.