ஏற்காட்டில் வீடு, பெங்களூரில் சாவி

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை கெஸ்ட்டுக்கு விடுகிறோம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறார்கள். "அக்கா, ஏற்காட்டுல ஏரிக்குப் பக்கத்துல ஒரு வீடு விலைக்கு வருது. ரெண்டு ரூம் ஹோம்ஸ்டேவா போட்டுட்டு இங்க இருந்தே பார்த்துக்கலாம்ல?" கேட்பவர் பெரும்பாலும் ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாப்பூர் ரோட்டிலோ குடியிருக்கும் நம்ம ஊர்ப் பிள்ளை. சேலம், தர்மபுரி, ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். வயது நாற்பதைத் தொடுகிறது, வேலை சலித்துவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு வங்கி கடன் தரத் தயாராக இருக்கிறது.

என் பதில், முடியாது என்பதுதான். போய் அங்கேயே குடியிருப்பீர்கள் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இங்கிருந்துதான் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் ஹோம்ஸ்டே வேண்டாம். வீடு வாங்கியே தீர வேண்டுமென்றால் வாங்கி, அந்த ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு மாத வாடகைக்கு விட்டுவிடுங்கள். இப்படி முகத்துக்கு நேரே சொன்னால், போட்டிக்கு ஆள் வரக் கூடாது என்று நினைக்கிறேன் என்கிறார்கள். அல்சூருக்கும் ஏற்காட்டுக்கும் என்ன போட்டி? நின்றுகொண்டே பேசி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் விதி. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இன்கிரெடிபிள் இந்தியா பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் 6 அறைகள், 12 படுக்கைகள் வரைதான் அனுமதி. கூடவே, உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். டெல்லியில் இதற்கென்று 2007-ல் தனிச் சட்டமே போட்டார்கள், அதிலும் இதே நிபந்தனையை வைத்தார்கள். இதை எழுதிய அதிகாரி யாரோ, கெஸ்ட் வைத்துப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் இந்தத் தொழிலில் மற்ற எல்லாமே அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

எங்கள் வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கீழே நாங்கள், மேலே கெஸ்ட். வருபவர்களில் கணிசமானவர்கள் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பில் பயிற்சி முடிக்கும் பையன்களின் பெற்றோர். ராணுவத்தில் இந்தப் படைக்காரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்களுடைய பயிற்சி மையம் ஏரிக்கரையை ஒட்டியே இருக்கிறது. மகன் உறுதிமொழி எடுக்கும் பரேடைப் பார்க்க ராமநாதபுரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வருகிறார்கள். பலருக்கு பெங்களூருக்கு வருவதே அதுதான் முதல் தடவை. விடியும் முன்பே குளித்து, வேட்டி சட்டையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்களுக்கு எட்டு மணிக்குத்தான் காலை உணவு என்று போர்டு மாட்டி என்ன பயன்? அஞ்சரைக்கு இட்லி வேக வேண்டும். இட்லி வேக வேண்டுமானால் முந்தின நாள் மதியமே மாவு அரைத்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிருக்கு மாவு லேசில் பொங்காது. மதியம் அரைத்து, கையால் நன்றாகக் கலந்து, விளக்கைப் போட்ட ஓவனுக்குள் ராத்திரி முழுக்க வைத்தால்தான் காலையில் இட்லி. அதுவும் கைகொடுக்காத நாளில் ரவா உப்புமாவுக்குத் தாவ வேண்டும். தாவுவதென்று முடிவெடுக்க அடுப்படியில் யாராவது இருக்க வேண்டுமல்லவா?

ஒரு தடவை ஒரு தகப்பனார் பரேடு முடிந்து வந்து, "தாயி, பய என்னைய அடையாளம் கண்டுட்டான், ஆனா திரும்பிப் பாக்கல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் தோசைக் கரண்டியோடு நின்று கேட்டேன். வேறென்ன செய்துவிட்டேன்? சாவிப் பெட்டியின் நாலு இலக்க எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறவர் இதை எப்படிச் செய்வார் என்றுதான் கேட்கிறேன்.

மாலையில் என் வீட்டுக்காரர் விருப்பமுள்ளவர்களை ஏரிப்பக்கம் நடத்திக் கூட்டிப்போவார். திருவள்ளுவர் சிலை முன்னால் அவருடைய பேச்சு கொஞ்சம் நீளும். 1991-ல் திறந்திருக்க வேண்டிய சிலை, மொழிப் பிரச்சினையில் 18 வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கதை தெரிவதில்லை, பெங்களூரிலேயே பிறந்த இளசுகளுக்கும் தெரிவதில்லை. இதற்குக் காசு வாங்குவதில்லை, ரிவ்யூவில் மட்டும் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. இட்லிக்கு இரண்டாம் இடம். போகட்டும்.

'ஏரி தெரியும் அறை' பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்காட்டுக் கனவில் பாதி இதுதான். ஏரி போட்டோவில் அழகு. பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொசு, ஆகாயத்தாமரை, சில மாதங்களில் நாற்றம். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தபோது ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஏரிப்பக்க ஜன்னல் எல்லாவற்றுக்கும் வலை அடித்திருக்கிறோம். என்னைக் கேட்டால் புக்கிங்கைக் கொண்டுவருவது ஏரி, நல்ல ரிவ்யூவைக் கொண்டுவருவது கொசுவலை.

இன்னொரு பக்கம் துணி. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் படுக்கை விரிப்பு வேண்டும்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். போர்வெல் தண்ணீரில் துவைத்தால் வெள்ளைத் துண்டு நாலு மாதத்தில் மஞ்சளாகி, அப்பளமாக விறைத்துவிடும். காவிரித் தண்ணீர் வரும் நாளைப் பார்த்துத் துவைக்கிறோம். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, காவிரித் தண்ணீரில் கார் கழுவினாலே 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த நாட்களில், சம்ப்பில் எத்தனை அடி இருக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்துத்தான் புக்கிங்கை ஒப்புக்கொண்டேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவருடைய விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட்டையும் விசாவையும் கையில் வாங்கிப் பார்த்து ஏற்றுவதுதான் முறை. கேர்டேக்கர் அரைகுறையாக எடுத்து அனுப்பும் போட்டோவை நம்பி ஏற்றினால் அப்புறம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐ.டி. பிள்ளைகள் எக்செல் ஷீட்டோடு வருகிறார்கள். அதில் வருமானப் பக்கம் மட்டும் பளபளப்பாக இருக்கும். ஏற்காடு மாதிரி ஊரில் நிஜமான கூட்டம் வெள்ளி, சனி இரவுகளில்தான். வருஷத்துக்கு 104 இரவு. இரண்டு அறை, இரவுக்கு 3,000 ரூபாய், ஒரு இரவுகூட காலியில்லை என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,24,000 ரூபாய். புக்கிங் ஆப்புக்கு 15 சதவீதம் கமிஷன் போனால் 93,600 கழியும். கேர்டேக்கர் தம்பதிக்கு மாதம் 18,000 கொடுத்தால் (அதுவே குறைவு என்பேன்) வருஷத்துக்கு 2,16,000. கரண்ட், தண்ணீர் லாரி, சலவை, இன்டர்நெட், பெயின்ட், உடைந்த குழாய் எல்லாம் சேர்த்து மாதம் 10,000 என்றால் 1,20,000. மிச்சம் 1,94,400 ரூபாய். அந்த வீட்டுக்கு 50 லட்சம் கடன் வாங்கியிருந்தால், எட்டரை சதவீதத்தில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 43,400. வருஷத்துக்கு ஐந்து லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். வார நாட்களிலும் கொஞ்சம் ஆள் வருவார்கள், உண்மைதான். மழை நாளில் வார இறுதியே காலியாகவும் கிடக்கும். ஜி.எஸ்.டி.யை நான் இன்னும் தொடவே இல்லை.

எங்கள் மாடிக்கு இந்தக் கணக்கு ஒத்துவருவதற்குக் காரணம், வீடு மாமனார் கட்டியது, கடன் கிடையாது. கேர்டேக்கர் சம்பளமும் கிடையாது, ஏனென்றால் கேர்டேக்கர் நான்தான்! வாரத்தில் எல்லா நாளும் ஏதாவது ஒரு காரணத்துக்காக ஆட்கள் வந்துபோகும் ஊர் பெங்களூர். 2011-ல் மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கம் வருவது இன்னும் சுலபமாகிவிட்டது. மலை ஊருக்கு இதில் எதுவும் பொருந்தாது.

மலை ஊரின் நிலவரமும் மாறிக்கொண்டிருக்கிறது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் கட்டாயமானது. 2025 சீசனில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். இ-பாஸால் தொழில் படுத்துவிட்டது என்று ஹோட்டல்காரர்கள் புலம்புவது நியாயம்தான், ஆனால் மே மாதம் அங்கே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஊர் நடுவில் இத்தனை பெரிய ஏரி, வீட்டுக் குழாயில் காற்று. ஏற்காட்டிலும் கோடையில் தண்ணீர் இழுபறிதான். வீடு இருக்கும் நிலம் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிக்குள் வருகிறதா, குடியிருப்பு என்று அனுமதி வாங்கிய கட்டிடத்தில் அறை வாடகைக்கு விடலாமா என்பதையெல்லாம் புரோக்கர் சொல்லமாட்டார். கொடைக்கானலில் விதிமீறிய கட்டிடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைத்தது மறந்துவிட்டதா?

எனக்கு உண்மையில் கோபம் வருவது கேர்டேக்கர் விஷயத்தில்தான். "நல்ல ஆளு கெடைச்சிருக்காங்க, அவங்களே எல்லாம் பாத்துப்பாங்க" என்பார்கள். யார் அவர்கள்? அந்த மலைக்காரக் கணவனும் மனைவியும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருப்பார்கள். ராத்திரி பதினொன்றுக்குக் குடித்துவிட்டு ஸ்பீக்கர் வைக்கும் கூட்டத்திடம் "சார், சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்ச வேண்டியது அவர். எச்சிலும் பாட்டிலும் வெளியே கிடந்தால் காட்டுமாடு வரும், அதைக் காலையில் வாருவது அவருடைய மனைவி. சமையல், சுத்தம், காவல், வழிகாட்டி, பஞ்சாயத்து எல்லாம் அவர்கள் தலையில். அஞ்சு ஸ்டார் ரிவ்யூவில் பெயர் மட்டும் பெங்களூர்க்காரருக்கு, 'அருமையான ஹோஸ்ட்' என்று. ஞாயிறு காலை கீசர் ரிப்பேரானால் கெஸ்ட் பெங்களூருக்குப் போன் செய்வார், பெங்களூர்க்காரர் கேர்டேக்கரைத் திட்டுவார். கேர்டேக்கர் என்ன செய்வார்? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி பிளம்பர் வரும்வரை வெந்நீர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்.

கொடைக்கானலுக்கு மாற்றலாகிப் போன என் அத்தை மகள், பள்ளிக்கூட டீச்சர், வாடகைக்கு வீடு தேடி அலைந்த அலைச்சலை இன்னும் சொல்லுவாள். நல்ல வீடாகப் பார்த்தால் "ரூம் விடுறோம்மா, குடும்பத்துக்குத் தர்றதில்ல" என்று பதில். கடைசியில் வத்தலக்குண்டில் வீடு எடுத்து தினமும் பஸ் ஏறினாள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் நடுவே நடந்துதான் அவள் பள்ளிக்குப் போனாள்.

இதற்காக ஹோம்ஸ்டேயே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி இங்கே வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டுக்கே போய்விட்டார்கள். பிள்ளையை அங்கேயே பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டே அறைதான். மளிகைக்கடையில் கடன் சொல்லும் அளவுக்கு ஊரில் ஒட்டிவிட்டார்கள், மழைக்காலத்தில் கெஸ்ட் இல்லாத வாரங்களை ஆன்லைன் வேலை செய்து சமாளிக்கிறார்கள். பெரிய லாபம் ஒன்றுமில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனால் யாரையும் போனில் விரட்ட வேண்டியதில்லை, அவர்களையும் யாரும் விரட்டுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு யாரையும் கண்ணை மூடிக்கொண்டு அனுப்புவேன்.

ஆகவே, என்னிடம் கேட்க வருவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். மே மாதக் கோடை விழாவுக்கு வேண்டாம், மழைக்காலமாகப் பார்த்து ஒரு பத்து நாள் லீவு போட்டு அந்த ஊரில் போய் இருங்கள். ரிசார்ட்டில் இல்லை, ஒரு சாதாரண வீட்டில். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, கரண்ட் போனால் எப்போது வருகிறது, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டால் எடுக்கிறாரா என்று பாருங்கள். தினமும் காலையில் எழுந்து, சொந்தக் குடும்பத்தில் இல்லாத நாலு பேருக்கு டிபன் செய்து பாருங்கள். பத்தாம் நாளும் அங்கேயே இருக்கத் தோன்றினால் என்னிடம் வாருங்கள், விரிப்பு மொத்தமாக எங்கே மலிவு என்பதிலிருந்து எல்லாம் சொல்லித்தருகிறேன். காலை பத்தரைக்கு முன்னால் மட்டும் போன் செய்யாதீர்கள், கல்லில் தோசை இருக்கும்.